பெட்டிக்கு வெளியே: கருப்பட்டி என்ற பூனையின் வழக்கு

"டாக்டர், பூனைகளை எடுத்து வச்சுக்கிற ஹோம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?"

2024 மார்ச் முதல் வாரத்தில் வேளச்சேரியிலிருந்து வந்த போன் இப்படித்தான் ஆரம்பித்தது. பூனைக்கு என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் சாப்பிடுது. வீடு பூரா ஒண்ணுக்குப் போகுது. மாமியார் இனிமே முடியாதுன்னுட்டாங்க."

இந்தப் புகார் எனக்குப் புதிதில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்பையும் கையோடு எழுதிக்கொண்டு வருவார்கள்: திமிர், பழிவாங்கல், சோம்பேறித்தனம். நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். ஆணா பெண்ணா, கடைசியாக எப்போது எவ்வளவு போனது? ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. சளியும் படிகமும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் சிறுநீர் வெளியேறாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அடைப்பு வந்த பூனையும் கண்ட இடத்தில் உட்கார்ந்து முக்கும், பார்க்கிறவருக்கு "மலச்சிக்கல் போல" என்று தோன்றும். எனவே ஆண் பூனை முக்கிக்கொண்டே இருந்து ஒன்றும் வரவில்லை என்றால் நள்ளிரவானாலும் வண்டியைப் பிடிக்க வேண்டியதுதான், காலையில் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது.

கருப்பட்டிக்கு அப்படி இல்லை. காலையில்தான் ஜமக்காளத்தில் போயிருந்தான், ஒரு டம்ளர் கொட்டியது போல ஈரம். சரி, நேரில் வருகிறேன் என்றேன்.

நாட்டுப் பூனை, பெயருக்கேற்ற நிறம், 4 வயது, கருத்தடை செய்த ஆண், 5.2 கிலோ. அரைக் கிலோ குறைந்தால் நல்லது. வீட்டை விட்டு வெளியே போகாதவன். காய்ந்த தீவனம் மட்டும், தட்டில் எந்நேரமும் இருக்கும். வயிற்றை மெல்லத் தடவினேன். மூத்திரப்பை சிறு எலுமிச்சை அளவுதான் இருந்தது, ஆனால் தொட்டதும் முனகிக்கொண்டு திரும்பினான். அடைப்பு இல்லை, வலி இருக்கிறது. முதல் பயம் போயிற்று.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை

வரலாறு கேட்கும்போது நான் தேதி கேட்பேன். "கொஞ்ச நாளா" என்ற பதிலில் ஒன்றும் கிடைக்காது. இந்த வீட்டில் தேதி கேட்டதும் எல்லோருக்கும் ஒரே நாள்தான் நினைவுக்கு வந்தது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல்.

அப்போது அவர்கள் தரைத்தள வீட்டில் இருந்தார்கள். இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை. மறுநாள் படகு வந்தபோது கருப்பட்டியை ஒரு காய்கறிக் கூடையில் போட்டு மேலே துண்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். அங்கே அவன் கழிக்கும் மணல் பெட்டி இல்லை, பழைய பேப்பர்தான். மூன்றாவது நாள் பேப்பரில் சிவப்பாக நாலு சொட்டு. பக்கத்தில் ஒரு மருத்துவர் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார், ஐந்தாம் நாள் சரியாகிவிட்டது.

ஜனவரியில் இரண்டாம் மாடியில் புது வீடு. வெள்ளத்தில் பழைய பெட்டி போய்விட்டதால் கருப்பட்டிக்கும் புதுப் பெட்டி வாங்கினார்கள். மேலே மூடி, முன்னால் ஆடும் கதவு, விலை நாலாயிரத்துக்குப் பக்கம். கூடவே களிமண் மணலுக்குப் பதிலாக மரத்தூள் குச்சிகள், தூசி வராது என்று யாரோ சொன்னார்களாம். பிப்ரவரியில் மறுபடி ரத்தம், மறுபடி அதே ஊசி, மறுபடி ஐந்தாறு நாளில் சரி. ஆனால் இந்த முறை ரத்தம் நின்ற பிறகும் பெட்டிக்குத் திரும்பவில்லை. கால் மிதியடி, அழுக்குத் துணிக் கூடை, பவானி ஜமக்காளம், கடைசியாகப் பாட்டி பூஜைக்கு மடித்து வைத்திருந்த வேட்டி. அந்த வேட்டிதான் போனுக்குக் காரணம்.

"வேணும்னேதான் பண்ணுது டாக்டரம்மா," என்றார் பாட்டி. "நான் திட்டினா மறுநாள் என் துணியிலதான் போகுது."

"உங்க துணிதாம்மா வீட்டிலேயே மெத்துனு இருக்கு," என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வீட்டுக்காரர் (பாட்டியின் மகன்) இரண்டு முறை பூனையின் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறார். வெட்கத்தோடுதான் சொன்னார். அதில் பூனை கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: இந்த ஆள் இருக்கும்போது போகக்கூடாது. அதற்குப் பிறகுதான் சோபாவுக்குப் பின்னால் போக ஆரம்பித்தது. சோபாவுக்குப் பின்னால் இருப்பது அவர்களுக்கே அன்றுவரை தெரியாது. கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். விளக்கை அணைத்து அதை அடித்ததும் டைல்ஸ் இடுக்கில் மஞ்சள் பச்சையாக மின்னிய திட்டுகள் ஏழு. எண்ணி முடிப்பதற்குள் பாட்டி அறையை விட்டுப் போய்விட்டார்.

பரிசோதனையில் கிடைத்தது

பிப்ரவரியில் எடுத்த ஒரு லேப் ரிப்போர்ட்டைக் காட்டினார்கள். "கிரிஸ்டல் ++" என்று இருந்தது. அதனால் கல்லைக் கரைக்கும் தீவனம் ஒரு மாதமாகப் போய்க்கொண்டிருந்தது, மூட்டை விலையைக் கேட்டு நானே ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன். மாதிரியை எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ராத்திரி தரையிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி, பிரிட்ஜில் வைத்து, மறுநாள் மதியம் கொடுத்ததாம். குளிர்ந்த சிறுநீரில் படிகம் தானாகவே உருவாகும். நல்ல பூனையின் சிறுநீரிலும் கொஞ்சம் படிகம் இருப்பது சகஜம். அந்தக் காகிதத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் மூத்திரப்பையிலிருந்து நேரடியாக மாதிரி எடுத்தோம். கல் இல்லை, பையின் சுவர் சற்றுத் தடித்திருந்தது. சிறுநீரின் ஒப்படர்த்தி 1.052, அதாவது நன்றாகக் கெட்டியானது. சிவப்பணுக்கள் நிறைய, சர்க்கரை இல்லை. கல்ச்சரில் மூன்று நாள் பார்த்தும் கிருமி வளரவில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் சரியான அளவில். பத்து வயதுக்கு உட்பட்ட பூனைக்கு இந்த இடத்தில் கிருமித் தொற்று வருவது அபூர்வம் என்பதால் கல்ச்சர் முடிவு எனக்கு வியப்பாக இல்லை. வயதான பூனையாக இருந்தால் கதை வேறு. சிறுநீரகம், சர்க்கரை, தொற்று எல்லாவற்றையும் அங்கே சந்தேகப்பட வேண்டும்.

மிஞ்சுவது, காரணம் பிடிபடாத மூத்திரப்பை அழற்சி. பெயரைக் கேட்டால் கைவிரித்தது போல இருக்கும், ஆனால் இதைப் பற்றி நிறையவே தெரிந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் இதிலேயே வேலை செய்தவர். பிரச்சினை மூத்திரப்பையோடு நிற்பதில்லை, பதற்றத்தைக் கையாளும் நரம்பும் ஹார்மோனும் சேர்ந்தே கெட்டிருக்கின்றன என்று காட்டி, 2011இல் இதற்கு பண்டோரா நோய்க்குறி என்று பெயர் வைத்தார். இவனைப் போன்ற பூனைகளுக்கு அதிர்ச்சி வந்தால் அது மூத்திரப்பையில் அழற்சியாக வெளிப்படும். வெள்ளம், கூடை, படகு, அந்நிய வீடு. டிசம்பர் 4க்கும் முதல் ரத்தச் சொட்டுக்கும் இடையில் மூன்று நாள்.

அப்படியானால் ஆன்டிபயாட்டிக் எப்படிக் கேட்டது? கேட்கவில்லை. இந்த அழற்சி ஒரு முறை கிளம்பினால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். அந்த வாரத்தில் ஊசி போட்டால் ஊசிக்குப் பெயர், கஷாயம் கொடுத்தால் கஷாயத்துக்குப் பெயர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அந்த மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன், பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் அதே ஊசியைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் தவறிய இடம்

ரத்தம் நின்ற பிறகும் அவன் ஏன் பெட்டிக்கு வரவில்லை? பெட்டி இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். சமையலறைக்குப் பின்னால் நாலடி அகல பால்கனி. ஒரு பக்கம் வாஷிங் மெஷின், அதற்கும் சுவருக்கும் நடுவில் பெட்டி, அதன் வாசல் சுவரைப் பார்த்து. குனிந்து கதவைத் தள்ளி முகத்தை உள்ளே நீட்டினேன். கண் எரிந்தது. தினமும் காலையில் பாட்டி குச்சிகளைக் கொட்டிவிட்டுப் பினாயில் ஊற்றிக் கழுவி, ஈரத்தோடு புதுக் குச்சி போட்டு வைத்திருக்கிறார். சுத்தத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் மூடிய டப்பாவில் அந்த நெடி வெளியே போக வழியில்லை. நம் மூக்குக்கே இப்படி என்றால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

நெடி மட்டும் பிரச்சினை இல்லை. பினாயில், டெட்டால் வகையறாவில் இருக்கும் ஃபீனால் சார்ந்த பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் ஒட்டியதை நக்கினால் உள்ளே போய்விடும். பாரசிட்டமால் பூனையைக் கொல்வதும் இதே குறைபாட்டால்தான். "வலிக்கு அரை மாத்திரை கொடுக்கலாமா" என்று வீட்டுக்காரர் அன்று கேட்டார். நல்ல வேளை, கேட்டார்.

பால்கனிக் கம்பிக் கதவின் வெளிப்புறச் சட்டத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கோடாக வழிந்த கறை ஒன்று இருந்தது. கடும் வாடை. இதைப் பார்த்ததும் நான் அவசரப்பட்டேன். பூனை உட்கார்ந்து தரையில் போவது வேறு, நின்றபடி வாலை நடுக்கிச் செங்குத்தான பரப்பில் பீய்ச்சுவது வேறு. முன்னது கழிவு, பின்னது "இது என் இடம்" என்ற அறிவிப்பு. கருத்தடை செய்த ஆண்களிலும் பத்தில் ஒன்று பீய்ச்சும். சரி, இவனுக்கு இரண்டும் இருக்கிறது என்று குறிப்பில் எழுதிவிட்டு, அதற்கான மனநல மாத்திரையைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டேன்.

தடுத்தது அந்த வீட்டுப் பெண். "டாக்டர், அவன் அந்தப் பக்கம் போகவே மாட்டானே. கம்பிக்கு வெளிப்பக்கம் இல்ல அது?" பிறகு அவரே ஒரு பழைய மொபைலை ஜன்னலில் சாய்த்து வைத்து இரண்டு ராத்திரி படம் பிடித்தார்.

இரண்டாம் ராத்திரி, 2 மணி 40 நிமிடம். ஏசி பெட்டி மேல் ஏறி, கைப்பிடிச் சுவர் வழியாக ஒரு வெள்ளைக் கடுவன் வருகிறது. தலை பானை மாதிரி, ஒரு காது கிழிந்திருக்கிறது. கதவுச் சட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறது, வால் நடுங்குகிறது, வேலை முடிந்தது. அடுத்த படத்தில் கருப்பட்டி சமையலறை வாசலில். பெட்டியை நோக்கி நாலு அடி வைக்கிறான், கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளையனைப் பார்க்கிறான், உறைந்து நிற்கிறான். ஒரு நிமிடம். திரும்பிப் போகிறான். அந்தக் காலை ஜமக்காளம் ஈரம்.

அதாவது, வீட்டில் எல்லோரையும் அதிகம் கோபப்படுத்திய அந்த வாடை இவனுடையதே இல்லை. கருத்தடை செய்யாத கடுவனின் சிறுநீரில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் ஏராளமாக இருக்கும். அது சிதையும்போது கந்தகம் கலந்த நாற்றம் வரும், நாள் ஆக ஆகக் கூடும். மூன்று மாதமாக இந்தப் பழியும் கருப்பட்டி தலையில் விழுந்துகொண்டிருந்தது. என் குறிப்பிலும் விழுந்தது. மாத்திரைப் பேச்சை வாபஸ் வாங்கினேன்.

இப்போது அவன் பக்கத்திலிருந்து பாருங்கள். மூத்திரம் போனாலே எரிகிறது. அந்த எரிச்சல் வந்த இடம் இந்தப் பெட்டி, அதனால் பெட்டியே எரிப்பதாக அவன் நினைக்கிறான். உள்ளே பினாயில் நெடி. காலுக்கடியில் உருளும் குச்சி. ஒரே வாசல், அதுவும் சுவரைப் பார்த்து, வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. பக்கத்தில் எப்போது உறுமும் என்று சொல்ல முடியாத மெஷின். கம்பிக்கு வெளியே எதிரி. ஜமக்காளமோ மெத்தென்று இருக்கிறது, நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிறது.

செய்தது

முதல் ஐந்து நாள் வலிக்கு மருந்து, பூனைக்கு ஏற்ற அளவில். ஆன்டிபயாட்டிக் கிடையாது. விலையுயர்ந்த தீவன மூட்டையை நிறுத்தினோம்.

மூடிப் பெட்டியைத் தூக்கிவிட்டு, துணி ஊற வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப் இரண்டு வாங்கச் சொன்னேன். மூக்கு நுனியிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம் வரை அளந்து, அதைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். கடையில் விற்கும் பெட்டிகளில் பாதிக்கு மேல் குட்டிகளுக்குத்தான் பொருந்தும். டப் ஒன்று 230 ரூபாய், நாலாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு எதிரே. ஒரு பக்க விளிம்பைச் சூடான கத்தியால் இறக்கி வெட்டினோம். ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி என்பது எண்ணிக்கைக்கு மேல் ஒன்று கூட வை என்ற பழைய கணக்கு. இங்கே இன்னொரு பயனும் இருந்தது. முதல் வாரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் மரக்குச்சி, ஒன்றில் கட்டியாகும் மெல்லிய களிமண் மணல், மூன்று விரற்கடை ஆழம். எது வேண்டும் என்று அவனையே கேட்டோம். ஏழு நாளில் குச்சியில் ஒரு முறை, மணலில் பதினாறு முறை. வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப் பூனை. தோண்டினால் சரியும் மணல்தான் அதன் காலுக்குத் தெரிந்த கழிப்பறை.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. ஹால் மூலையில் என்றேன். "வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார் பாட்டி. நியாயம்தான். கடைசியில் ஒன்று படுக்கையறை ஜன்னலடியில், இன்னொன்று பாட்டியின் அறைக்குப் போகும் வழியில், துணி ஸ்டாண்டுக்குப் பின்னால். இரண்டிலும் உட்கார்ந்தால் கதவு தெரியும், தப்பிக்க இரண்டு பக்கம் வழி உண்டு. தினம் இரண்டு முறை கட்டியை அள்ள வேண்டும், வாரம் ஒரு முறை வெந்நீரும் வாசனையில்லாத சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும். பினாயில் பாட்டில் பூட்டிய அலமாரிக்குப் போயிற்று. பாட்டிக்கு அதில் அரை மனசுதான்.

பழைய கறைகளுக்கு என்சைம் உள்ள சலவைத்தூளைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட். பிளீச்சிங் பவுடரைக் கண்டிப்பாக வேண்டாம் என்றேன். அது சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளப்பும். ஜமக்காளத்தின் சிவப்புச் சாயம் கலங்கிற்று. அதைத் துவைத்துப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

சாப்பாட்டில், காய்ந்த தீவனத்தைப் பாதியாக்கி மிச்சத்துக்கு வேகவைத்த மீனும், உப்பும் வெங்காயமும் போடாமல் அதே மீன் வேகவைத்த தண்ணீரும், நாளைக்கு ஒரு பாக்கெட் ஈரத் தீவனமும். காய்ந்த தீவனத்தில் ஈரப்பசை நூற்றுக்குப் பத்து வாக்கில்தான் இருக்கும், ஈரத் தீவனத்தில் 75க்கு மேல். சிறுநீர் நீர்த்தால் எரிச்சல் குறையும். ஒப்படர்த்தி 1.035க்குக் கீழே வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். மே மாதம் பார்த்தபோது 1.033.

வெள்ளையனுக்குச் சோறு போடுகிறவர் கீழ் வீட்டில் இருந்தார். பேசினோம். அவர் தட்டைக் கட்டடத்தின் பின்பக்கம் மாற்றினார், பத்து நாளில் கடுவனைப் பிடித்துக் கருத்தடையும் செய்து விட்டோம். பால்கனிக் கதவின் கீழ்ப்பாதிக் கண்ணாடியில் பால் நிறத் தாள் ஒட்டியாகிவிட்டது.

இதெல்லாம் சின்னச் சின்ன வேலைகள், மருந்து போலவே தெரியாது. ஆனால் பஃபிங்டனின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. இதே நோயுள்ள 46 வீட்டுப் பூனைகளுக்கு வீட்டுச் சூழலை மாற்றி, பத்து மாதம் பின்தொடர்ந்தார்கள். மூத்திரத் தொல்லை வெகுவாகக் குறைந்தது, பயமும் பதற்றமும் கூடவே குறைந்தன.

காலண்டர்

பதிவு வைக்கச் சொன்னால் யாரும் வைப்பதில்லை என்பது என் அனுபவம். இங்கே பாட்டி வைத்தார். விடியற்காலை முதலில் எழுந்திருப்பவர் அவர்தான். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில், பால் பாக்கெட் எண்ணிக்கைக்குக் கீழே, பெட்டிக்கு வெளியே மூத்திரம் போனால் ஒரு வட்டம்.

மார்ச் கடைசி இரண்டு வாரத்தில் வட்டம் பதினொன்று. ஏப்ரல் முதல் பாதியில் நாலு. சித்திரை முதல் தேதி விருந்தாளிகள் வந்ததில் அடுத்தடுத்து இரண்டு. அன்று போன் வந்தது, குரலில் பழைய சலிப்பு. ரத்தம் உண்டா, முக்குகிறானா என்று கேட்டேன், இல்லை. பிள்ளைகள் படுக்கையறையில் விளையாடியதில் ஜன்னலடிப் பெட்டிக்கு அவனால் போக முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது பெட்டியின் வழியைத் திறந்து வைத்ததும் சரியாயிற்று. மே மாதம் ஒரே வட்டம். அதன் பக்கத்தில் பாட்டி சின்னதாக "பினாயில், என் தப்பு" என்று எழுதியிருந்தார்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஒன்றும் இல்லை. தீபாவளி 2024 அக்டோபர் 31. முன்கூட்டியே பேசி, ஒரு வாரம் முன்பே ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் ஒரு பெட்டியும் அவன் படுக்கும் பழைய புடவையும் வைத்துப் பழக்கினோம். வெடிச் சத்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுக்க ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்திருந்தேன். இருந்தும் அன்றிரவு மிதியடியில் ஒரு முறை போனான், ரத்தம் வரவில்லை. இந்த நோய் அடங்கும், ஒழியாது. அடுத்த வீடு மாற்றத்திலோ அடுத்த வெள்ளத்திலோ திரும்ப வரலாம் என்பதை அவர்களிடம் மறைக்கவில்லை.

கடைசியாக டிசம்பரில் எடை பார்க்கப் போனேன். 4.8 கிலோ. பாட்டி காபி கொண்டு வந்தார். கருப்பட்டி அவர் மடித்து வைத்த துவைத்த துணி மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவா என்று கேட்டேன். "இருக்கட்டும், படுக்கத்தானே செய்றான்," என்றார்.